கதையை மாற்றியவர் சபைக்கு வரட்டும்

2025 ஆகஸ்ட் 1 அன்று, தனுஷ் நடித்த ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ மீண்டும் திரைக்கு வந்தது. 2013-இல் வெளியான படத்தில் நாயகன் இறந்துபோவான். புதிய பதிப்பிலோ செயற்கை நுண்ணறிவு அவனைப் பிழைக்க வைத்துவிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சட்டப்படி உரிமை தங்களுடையது என்றது தயாரிப்பு நிறுவனமான ஈராஸ். இதை மும்பைத் திரையுலகின் வியாபாரத் தகராறு என்று நெல்லை வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. முடிந்துபோன ஒரு படைப்பில் யார் கைவைக்கலாம், கைவைத்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை தாமிரபரணிக் கரையில் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டுவரும் கேள்விகள்.

காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயராக வணங்கப்படும் முத்துப்பட்டன் பிராமணக் குலத்தில் பிறந்தவன். அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் களைந்தான். செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்றான். மாடுகளை மீட்கப் போன இடத்தில் கொல்லப்பட்டான். இன்றும் அவன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். இந்த வட்டாரத்து நாட்டார் தெய்வங்களில் பலர் இப்படி அநியாயமாக மாண்டவர்களே. கொடை விழாவில் வில்லடித்துப் பாடப்படுவது அவர்களுடைய வாழ்வு மட்டுமல்ல, சாவும்தான். அதைப் பாடாமல் விட்டால் கோயிலுக்கும் பொருளில்லை, கொடைக்கும் பொருளில்லை. முத்துப்பட்டனைப் பிழைக்க வைத்துப் பாட்டுக் கட்டினால் கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் நடந்த அநியாயத்தை ஊர் மறக்காமல் வைத்திருக்கும் வழி அடைபட்டுவிடும். துயரமான முடிவு, பார்ப்பவருக்குப் பிடிக்காவிட்டால் கழற்றிப்போடக்கூடிய உதிரிப்பாகம் அல்ல. அதுவரை நடந்த எல்லாவற்றுக்கும் கனம் அங்கேதான் கூடுகிறது.

நாட்டார் கலைஞர்களும் கதைகளை மாற்றியவர்கள்தானே, இயந்திரம் மாற்றினால் மட்டும் குற்றமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முத்துப்பட்டன் கதையிலேயே திருத்தம் நடந்திருக்கிறது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே என்று சொல்லும் வடிவங்கள் உண்டு. சாதி மீறலின் கூர்மையை மழுக்கப் பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் அது என்று, நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். ஆகவே, மனிதர் செய்த மாற்றமெல்லாம் நல்லது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் வில்லுப்பாட்டுப் புலவர் கதை தெரிந்த ஊராரின் முன்னால் உட்கார்ந்து பாடுகிறார். பிழையாகப் பாடினால் அங்கேயே கேள்வி வரும். அடுத்த கொடைக்கு வேறு குழுவுக்கு வெற்றிலை பாக்கு போகும். மென்பொருளுக்கு அந்த அச்சமும் இல்லை, வெட்கமும் இல்லை. அதை ஏவியவரும் அதன் பின்னால் மறைந்துகொள்ளலாம். கலையில் மனிதத்தன்மை எது என்றால், அழகாகச் செய்யும் திறனைவிட, செய்ததற்கு முன்வந்து பதில் சொல்லும் கடமையே என்பது நம் விடை.

இதைத் தொழில்நுட்பத்தின் மீதான வெறுப்பாகக் கொள்ள வேண்டாம். பணபலமில்லாத இளைஞர் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் இருந்தபடியே அசைவூட்டப் படம் எடுக்க இந்தக் கருவிகள் உதவுமானால் அது வரவேற்கத்தக்கதே. முறையாகப் பயன்படுத்தவும் வழியுண்டு. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். இறந்தவரின் குரலை இப்படிப் பாட வைக்கலாமா என்ற விவாதம் அப்போதும் எழுந்தது. ஆனால் அந்த விவாதத்தில் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். ‘அம்பிகாபதி’யிலும் இந்தப் பாடலிலும் பயன்பட்டது செயற்கை நுண்ணறிவுதான். பொறுப்பை ஏற்ற விதம்தான் வேறு.

எல்லாரும் ரகுமானைப் போல நடந்துகொள்வார்கள் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கருதுகிறது. நடிப்பவருக்கும் பாடுபவருக்கும் 2012 திருத்தம் சில தார்மீக உரிமைகளை அளித்தது. இயக்குநருக்கு அத்தகைய காப்பு இல்லை. பணம் போட்டவரின் உரிமையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. படத்தை விற்கலாம், மீண்டும் வெளியிடலாம். முடிவை மாற்ற வேண்டுமென்றால் இயக்குநர், எழுத்தாளர், நடிகரின் சம்மதம் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். மாற்றியவரின் பெயரைத் திரையில் காட்டுவதும் கட்டாயமாக வேண்டும். நெல்லைக்கும் ஒரு கடமை இருக்கிறது. திரைக்கலைஞருக்குக் குரல் கொடுக்கப் பலர் உண்டு, வில்லுப்பாட்டுக்காரருக்கு இல்லை. அவர்களின் பாட்டும் குரலும் பதிவாகி இயந்திரங்களுக்குத் தீனியாகும் முன், அவர்களின் சம்மதத்துக்கும் ஊதியத்துக்குமான விதிகளை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாக வளர்த்த பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் கலைஞர்களோடு அமர்ந்து வகுக்க வேண்டும். கருவி எதுவானாலும் கலைக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். இந்த விதியில் எந்த நிறுவனத்துக்கும் விலக்குத் தரக் கூடாது.