விமானம் ஏறும் முன்பா, இறங்கிய பிறகா?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஒரே கேள்விதான். "பையனுக்கு ஜெர்மனியில சீட் கிடைச்சிருக்கு சார். லேப்டாப்பை இங்கேயே வாங்கிக் குடுத்துடலாமா, அங்க போய் வாங்கிக்கச் சொல்லலாமா?" ஒலக்கூர், அச்சிறுப்பாக்கம், மரக்காணம், வந்தவாசி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்து கேட்பவர் பெரும்பாலும் அப்பாவாக இருப்பார், கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மை காயாதவர். இதற்குள் சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா ஒருவர், "அவசரப்படாதீங்க, அங்கெல்லாம் பாதி விலை" என்று போனில் சொல்லியிருப்பார். குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்த பிறகுதான் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள்.

பாதி விலை என்பது ஒரு காலத்தில் உண்மைதான். எண்பதுகளில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கு இங்கே விதித்த சுங்க வரி, பொருளின் விலையையே தாண்டிப் போகும். சிங்கப்பூரிலிருந்து டேப்ரெக்கார்டரோடு ஒருவர் இறங்கினால் தெருவே திரண்டு பார்த்த காலம் அது. சென்னை பர்மா பஜார் பிழைத்ததும் அந்த வரியால்தான். ஆனால், தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. கணினிக்கான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து, 2005க்குள் இல்லாமலே போனது. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பின் மேல் இருப்பது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும்தான். மாமா சொல்லும் கணக்கு இருபது வருடம் பழையது.

எங்கள் பக்கத்து மக்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு வெளிநாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வரி குறைவு என்று புதுச்சேரிக்குப் போய் டிவியும் ஃபிரிட்ஜும் வாங்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்த வீடுகள் திண்டிவனம் வட்டாரத்தில் நிறைய. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. நாடு முழுக்க ஒரே வரி. ஆனாலும், எல்லையைத் தாண்டினால் மலிவு என்ற எண்ணம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கணக்குப் போட்டே பார்ப்போம். வரிக்கு முந்தைய விலை 60,000 ரூபாய் என்று ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். இங்கே 18 விழுக்காடு சேர்ந்தால் 70,800. சிங்கப்பூரில் 2024 முதல் ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு, ஆக 65,400. ஊரிலிருந்து கொண்டுபோன கார்டைத் தேய்த்தால், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றக் கட்டணமாகப் பல வங்கிகள் மூன்றரை விழுக்காடு வரை பிடிக்கும். அந்தக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. கூட்டினால் 68,100 சொச்சம் வருகிறது. மிச்சம் 2,700 ரூபாய். சுற்றுலா விசாவில் போனவருக்கு விமான நிலையத்தில் வரியைத் திரும்பத் தருவார்கள், இடைத்தரகுக் கட்டணம் கழித்துக்கொண்டு. அப்படியும் லாபம் ஏழு, எட்டாயிரத்தைத் தாண்டாது. வேலை அனுமதியில் இருக்கும் மாமாவுக்கு அந்தத் திருப்பித் தரும் சலுகையும் கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு மட்டும்தான். துபாயில் வாட் 5 விழுக்காடு. மிச்சம் கொஞ்சம் கூடலாம். ஜெர்மனியில் 19, பிரிட்டனில் 20. பிரிட்டனில் பயணிகளுக்கு வாட் திருப்பித் தரும் ஏற்பாட்டையே 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். லண்டனில் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு இது இன்னும் எட்டவில்லை.

சுங்க விதியைப் பற்றியும் ஊரில் பல கதைகள் உலவுகின்றன. விதி நேரானது. 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். மற்ற சாமான்களுக்கான இலவச வரம்பில் இது சேராது. அந்த வரம்பு 2016ஆம் ஆண்டு விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது. அரசு அவ்வப்போது திருத்துவதால், டிக்கெட் போடும்போதே சுங்கத் துறையின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிக்கல் இரண்டாவது லேப்டாப்பில் வருகிறது. அது பொது வரம்புக்குள் போய்விடும்; வரம்பைத் தாண்டிய தொகைக்கு நீண்ட காலமாக 38.5 விழுக்காடு வரி. கணவன், மனைவி இருவரின் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்டவும் முடியாது. மேசைக் கணினி லேப்டாப் சலுகையில் வராது. மத்திய அரசு 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்து, மறுநாளே அதைத் தள்ளிப்போட்டபோது ஊரெல்லாம் கிலி கிளம்பியது. ஆனால், பயணி கையோடு கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்கு அந்த அறிவிப்பிலேயே விலக்கு இருந்தது.

ஆக வரியும் சுங்கமும் பெரிய விஷயமில்லை. உண்மையான செலவு, பொருள் பழுதாகும் நாளில்தான் தெரியும். எங்கள் தொழில் தொடங்குவதும் அங்கேதான்.

வளைகுடாவில் வாங்கிவந்த லேப்டாப் ஒன்று. வாரண்டி இன்னும் முடியவில்லை. மூடித் திறக்கும் கீல் உடைந்து, திரைக்குப் போகும் கேபிளை இழுத்துவிட்டது. ஒலக்கூரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையிடம் அழகாக மடித்த பில்லும் இருந்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் நம்பரைத் தட்டினோம்: வேறு பிராந்தியத்தில் விற்ற சாதனம், இந்தியாவில் வாரண்டி செல்லாது. பக்கத்திலேயே சர்வீஸ் சென்டர் உண்டு, காசு கொடுத்தால் செய்வார்கள். ஆனால் அந்த மாடலே இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை என்பதால் பார்ட்ஸ் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினோம், டெல்லி நேரு பிளேஸுக்குச் சொல்லி வைத்தோம். கிடைத்தபோது, செலவு சேமித்த தொகையைத் தாண்டியிருந்தது. வாங்கிக் கொடுத்த அந்தப் பிள்ளையின் மாமாவோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார்.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2011 முதல் எல்காட் வழியாகப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களை எவ்வளவோ பேர் கேலி செய்தார்கள். பழுதுபார்ப்பவனைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். ஒரே மாடல் லட்சக்கணக்கில் பரவியதால் அதன் கீபோர்டும் பேட்டரியும் சார்ஜரும் ரிச்சி தெருவில் மலிவாகக் குவிந்து கிடந்தன. படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் அதை ஓட்டியவர்கள் உண்டு. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று அறிவித்ததற்கும் இதே கணக்கு பொருந்தும். ஊரில் நாலு பேர் வைத்திருக்கும் மாடலுக்குத்தான் ஆயுசு கெட்டி.

வாரண்டி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றுக்குச் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2014 நவம்பரில் சிம் லிம் சதுக்கத்தில் ஒரு கைப்பேசிக் கடையில், ஐபோனுக்குப் பணம் கட்டிய வியட்நாம் பயணியிடம் வாரண்டிக்கென்று தனியாக 1,500 சிங்கப்பூர் டாலர் கேட்டார்கள். மண்டியிட்டு அழுத அவருடைய படம் ஊரெங்கும் பரவியது. கடைக்காரருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறை. எல்லாக் கடையும் அப்படியில்லைதான். ஆனால், நாளை மறுநாள் விமானம் ஏறப் போகிறவர்தான் இப்படிப்பட்ட கடைக்காரர்களுக்கு வாகான ஆள்.

கீபோர்டு வேறு இருக்கிறது. புதுச்சேரியில் பிரான்ஸ் உறவுகள் உள்ள வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்களைத் திறந்தாலே தெரிந்துவிடும்: க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, டபிள்யூ இடத்தில் இசட், எல்லுக்குப் பக்கத்தில் எம். எண் அடிக்கக்கூட ஷிஃப்டை அழுத்த வேண்டும். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். வியர்வைக்கு ஒரு கோடைகூடத் தாங்காது. மாற்றிவிடலாம் என்றால், இப்போது வரும் மெல்லிய மாடல்களில் கீபோர்டை மேல்தட்டோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். மேல்தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பிளக்கைப் பற்றி மட்டும் பயப்பட வேண்டாம். சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இங்கே மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் பிரிண்டர்கள் அப்படியில்லை. பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் சுவரில் சொருகியவுடன் புகை.

சரி, படிக்கப் போகும் பிள்ளைக்கு என்ன செய்வது? பொருள் எந்த ஊரில் இரண்டு மூன்று வருடம் ஓடப் போகிறதோ, பழுதானால் எந்த ஊரில் சரிசெய்யப் போகிறோமோ, அதை வைத்துத்தான் நான் முடிவு சொல்வேன். அமெரிக்கா போகிறவர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். கீபோர்டு நம்முடையதே, மாணவர் தள்ளுபடி உண்டு, நவம்பர் கடைசியில் விலை இன்னும் இறங்கும், ஓரிகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை. மற்ற மாநிலங்களில் விலைச்சீட்டில் காணாத வரி பில்லில் வந்து சேரும், அதை எதிர்பார்த்துப் போக வேண்டும். முதல் சில வாரங்களுக்குப் பழைய லேப்டாப் போதும். ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் போகிறவர் இங்கேயே வாங்குவது மேல். அங்கே குடியிருக்கும் மாணவருக்கு வரி திரும்பாது, ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் கீபோர்டு தொல்லை, கூலியும் அதிகம். இங்கே விற்கும் பல மாடல்களோடு ஆயுள் முழுக்கச் செல்லும் ஆபீஸ் மென்பொருளும் சேர்ந்தே வருகிறது. படிப்புக்குக் கணினி அவசியம் என்றால் வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று.

இதில் ஒரு நிபந்தனை. வாரண்டி போகும் நாட்டிலும் செல்லும் என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லாக அல்லாமல், நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். ஆப்பிள் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் எந்த நாட்டிலும் சர்வீஸ் கிடைக்கிறது. மேக்புக் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு அமெரிக்காவில் வாங்கி வருவது உண்மையிலேயே லாபம். அதை நான் மறுக்கவில்லை. டெல் நிறுவனத்தில், கணினி நாடு மாறுகிறது என்று இணையத்தில் பதிந்தால் வாரண்டியும் கூடவே மாறும் ஏற்பாடு இருக்கிறது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். புறப்படும் முன் பத்து நிமிடம் செலவழித்துப் பதிந்துவிட வேண்டும். பேட்டரி உள்ள எதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதையும், பில்லின் நகலை மெயிலில் போட்டு வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறேன்.

கடை வைத்து ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருப்பவர், ஆடிட்டர், அச்சகக்காரர் போன்றோர் வெளிநாட்டுப் பக்கமே போக வேண்டாம். இங்கே கட்டும் 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இந்தியாவைவிட மலிவான நாடு கிடையாது.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, இறக்குமதியாளர் முகவரி, குறைதீர் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. வாரண்டி எந்தெந்த நாட்டில் செல்லும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம்தான், ஆனால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரும் அளவில்தான் அது இருக்கிறது. வாரண்டி செல்லும் நாடுகளைப் பெட்டியின் மேல் ஒரே வரியில் அச்சிடச் சொல்ல ஒரு விதித் திருத்தம் போதும்.

அதுவரை, இங்கே வாங்கியவருக்கு ஒரு வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் இணையத்தில் வாங்கியிருந்தாலும், ஒலக்கூரில் குடியிருப்பவர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது.

(கட்டுரையாளர், திண்டிவனத்தில் கணினிப் பழுதுபார்ப்புக் கடை நடத்துபவர்)