பழைய கணினிக்கு லினக்ஸ் நல்லது. ஆனால் தமிழை வெட்டிவிடாதீர்கள்



விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே பாடசாலைக்குப் பழைய கணினி கொடுக்க விரும்பும் சகோதரர்கள், "லினக்ஸ் போட்டுத் தாறோம் சேர்" என்கிறார்கள். நல்ல யோசனை. லைசன்ஸ் காசு இல்லை, களவு சொப்ட்வெயாரும் இல்லை. நானும் அதற்கு ஆதரவுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

லினக்ஸில் ஒரு மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதைக் கணினியில் ஓடும் பொதியாகத் தொகுக்கும்போது எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தொகுப்பவர் முடிவு செய்யலாம். புது வீட்டுக்கு வயர் இழுப்பது மாதிரி. சுவர் பூச முன்னர் வயர் போடாத அறையில் பிறகு சுவிட்சைத் தேடிப் பயனில்லை.

நிரல் எழுதுவோர் பாவிக்கும் 'விம்' என்ற மென்பொருளைப் பாருங்கள். டெபியன் லினக்ஸில் ஒரே மூல நிரலிலிருந்து விம்-டைனி, விம்-நொக்ஸ், விம்-ஜிடிகே3 என்று தனித்தனிப் பொதிகள் வருகின்றன. மெனுவும் பட்டன்களும் கொண்ட ஜன்னல் கடைசியில் சொன்னதில்தான் இருக்கிறது. 'ஜென்டூ' லினக்ஸில் இந்தத் தெரிவு பாவிப்பவரின் கையிலேயே இருக்கிறது. ஜிடிகே, கியூடி, எக்ஸ் போன்ற பெயர்களுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், அந்த வரைகலை வசதி இல்லாமலே மென்பொருள் தொகுக்கப்படும். இவற்றை 'யூஸ் ஃபிளாக்' என்பார்கள். கூகுளின் குரோம்புக் கணினிகளில் ஓடும் இயங்குதளமும் ஜென்டூவின் இந்தத் தொகுப்பு முறையைக் கொண்டே உருவாக்கப்படுகிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையே பூட்டாத ஒரு சேர்வருக்கு ஜன்னலும் பட்டனும் எதற்கு? வெட்டினால் இடமும் மெமறியும் மிச்சம்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை எடுங்கள். கணினி முதலில் 'க' வையும், பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் போட வேண்டும். இந்த வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' போன்ற நூலகங்கள். பல மென்பொருட்களில் இதுவும் விட்டுவிடக்கூடிய ஒரு தெரிவுதான். ஈமேக்ஸ் 2020 இல் வந்த 27 ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸைப் பாவிக்கிறது. ஆனால் அது இல்லாமலும் ஈமேக்ஸைத் தொகுக்கலாம். சிறு பிள்ளைகள் படம் வரையும் 'டக்ஸ் பெயின்ட்' தமிழிலும் கிடைக்கிறது. அதையும் எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் 'பேங்கோ' இல்லாமல் தொகுக்க வழி உண்டு. அப்படித் தொகுத்தால் தமிழ் எழுத்துகள் இடம் மாறி நிற்கும்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அதனால்தான் கணினியை இலேசாக்க நினைப்பவரின் கண்ணுக்கு இதுவும் வீண் சுமையாகத் தெரிகிறது. இது எமக்கு மட்டும் வரும் நட்டமும் அல்ல. சிங்களத்திலும் 'கொம்புவ' முன்னால்தான் வர வேண்டும். ஒரே சுவிட்சை அணைத்தால் எம்பிலிப்பிட்டியவில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறார்கள்.

"மெமறி காணாது சேர், எதையாவது வெட்டத்தானே வேணும்" என்பீர்கள். வெட்டுங்கள். ஜன்னல் அலங்காரங்களை வெட்டுங்கள். புளூடூத் இல்லாத கணினியில் அந்த வசதியை வெட்டுங்கள். ஆனால் மூன்றைத் தொடாதீர்கள்: பிள்ளை மவுஸால் தொட்டுப் பழகும் ஜன்னல், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டும் வசதி, தமிழில் தட்டச்சு செய்யும் வசதி. தட்டச்சுக்கு எமது நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு 'எம்17என்' தொகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. 'ஐபஸ்' மூலம் அதைப் பாவிக்கலாம்.

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டத்தில் உள்ள மொழி பிள்ளையின் திரையில் உடைந்து நின்றால், "கணினி என்றால் ஆங்கிலம்தான்" என்று பிள்ளை தானாகவே முடிவெடுத்துவிடும். அந்த எண்ணத்தைப் பிறகு மாற்றுவது லேசான வேலை அல்ல.

ஆகவே கணினி தரும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். கையளிக்க முன்னர் அதில் 'கொழும்பு', 'கேகாலை' என்று இரண்டு சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள். பாடசாலையில் பாவிக்கப் போகும் ஒவ்வொரு மென்பொருளிலும் செய்து பாருங்கள். கொம்பு தன் இடத்தில் நிற்காவிட்டால் "லினக்ஸில் தமிழ் வராது" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வசதியோடு தொகுத்த பொதியைத் தேடிப் போடுங்கள்.

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருளைப் பாவிக்க மட்டும் படிக்காதீர்கள், தொகுக்கவும் படியுங்கள். எமது மொழி தேவையா இல்லையா என்று தெரிவு செய்யும் இடத்தில் எமது ஊர்ப் பிள்ளை ஒருவரும் இருக்க வேண்டும்.