பாத்திக் துணி விற்ற காசில் ஒரு கிராமம்!

ஈ.சி.ஆரில் வி.ஜி.பி-க்கோ மகாபலிபுரத்துக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லோரும் இஞ்சம்பாக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால், அங்கே இடது கைப் பக்கம் மரங்களுக்குள் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வாசலில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் குறைவு. ‘ஏதோ ஆர்ட் கேலரி போல’ என்று நினைத்துப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள்.

‘படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?’ என்று எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இருக்கிறதல்லவா? அந்தக் கேள்விக்கு மண்ணும் செங்கல்லுமாகப் பதில் சொன்ன இடம் அது.

பதிலைச் சொன்னவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகா வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்து வயதுவாக்கில் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆனார். சம்பள வேலையை உதறிவிட்டு வந்தவர் என்பதால், படிப்பை முடித்து வெளியே போகிற மாணவர்களின் பயம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. நன்றாக வரைகிற பையன் இரண்டு வருடம் அலைந்துவிட்டு, வீட்டுக்காக ஏதாவது ஒரு ஆபீஸில் போய் உட்கார்ந்துவிடுவான். அதோடு பிரஷ் காய்ந்துவிடும். 1960-களின் சென்னையில் ஓவியம் வாங்கி வீட்டில் மாட்டுகிற பழக்கம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

ஓவியம் விற்காது. சரி, எது விற்கும்? ‘பாத்திக்’ துணி விற்கும். மெழுகை உருக்கித் துணியில் வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்தால் வருகிற டிசைன். அதோடு தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்ட வேலை. பணிக்கரும் மாணவர்களும் ஒரு கைவினைச் சங்கத்தைத் தொடங்கி இவற்றைச் செய்தார்கள், கண்காட்சி வைத்து விற்றார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே விற்றது. அந்தக் காசைச் சேர்த்துத்தான் நகரத்துக்குத் தெற்கே, கடலோரம், யாரும் சீண்டாத மணல் மேட்டில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் பிறந்தது.

பெயரும் யோசித்து வைத்ததுதான். ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என்று வாய்க்கு வந்தபடி மாற்றிய பெயரை, அதன் பழைய உருவத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இன்றைக்கு ஈ.சி.ஆர் என்றால் பங்களா, ரிசார்ட், ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக். அன்றைக்கு அங்கே மணலும் மீனவர் குப்பமும்தான். ஆரம்பத்தில் கரன்ட் கிடையாது. ஓலைக் குடிசை போட்டுத் தங்கினார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒவ்வொருவராகத் தங்களுக்கான வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, மிச்ச நேரம் சொந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். பாத்திக் அடுப்பைப் பார்த்துக்கொண்டது. அதனால், ‘இந்தக் கலர் போட்டால் விற்குமா’ என்ற கவலை இல்லாமல் கேன்வாஸ் முன்னால் நிற்க முடிந்தது. பணிக்கர் கண்டுபிடித்த சூத்திரம் இவ்வளவுதான். கேட்கும்போது சுலபமாகத் தெரியும். முப்பது, நாற்பது கலைஞர்கள் சண்டை போட்டுக் கலைந்துபோகாமல் அதைச் செய்து காட்டியதுதான் பெரிய விஷயம்.

எல்லோருக்கும் அது சுலபமாக அமைந்துவிடவும் இல்லை. கே.ராமானுஜம் என்று ஓர் ஓவியர் இருந்தார். திருவல்லிக்கேணிக்காரர். பேச்சு சரியாக வராது, மனநோயும் படுத்தியது. உறவுகளும் நண்பர்களும் புரிந்துகொள்ளாத அந்த இளைஞரைப் பணிக்கர் ஓவியப் பள்ளிக்குள் கொண்டுவந்தார், பிறகு சோழமண்டலத்திலும் இடம் கொடுத்தார். மையில் மெல்லிய கோடு கோடாக இழுத்து, மாடங்களும் பறக்கும் உருவங்களும் விநோத மிருகங்களுமாக ஒரு கனவு ஊரையே வரைந்தார் ராமானுஜம். சில படங்களில் அந்த ஊருக்குள் தொப்பி போட்ட ஒரு மனிதர் உலவுவார். அது அவரேதான். நிஜ ஊரில் கிடைக்காத மரியாதையைக் காகிதத்தில் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. 1973-ல், முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்றைக்கு அவருடைய படங்களை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமத்தில் வளர்ந்த பெயர்கள் பல ஊர்களுக்குப் பரவின. வேலு விஸ்வநாதன் பாரிஸுக்குப் போனார், எஸ்.ஜி.வாசுதேவ் பெங்களூருக்கு. பணிக்கரின் மகனும் உலோகச் சிற்பியுமான எஸ்.நந்தகோபால் கடைசி வரை சோழமண்டலத்திலேயே இருந்தார். 2017-ல் அவரும் மறைந்தார். ‘மெட்ராஸ் மூவ்மென்ட்’ என்று கலை உலகம் சொல்கிற அந்தத் தலைமுறையின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்க, 2009-ல் அங்கே ஒரு மியூசியம் திறந்தார்கள். வெளியே மரத்தடியில் கற்சிற்பங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால், ‘இது என்னன்னு நீயே சொல்லு’ என்று விட்டுவிடலாம். பெரியவர்களைவிட அவர்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள்!

ஒன்றே ஒன்று. அது வெறும் மியூசியம் இல்லை, மனிதர்கள் குடியிருக்கிற தெரு. வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து செல்ஃபி எடுக்க வேண்டாம்.

அந்த மணலில் ஒரு கிரவுண்ட் இன்று என்ன விலை? எத்தனை ஆயிரம் பாத்திக் துணி விற்றாலும் இப்போது படித்து முடிக்கிற ஓர் ஓவிய மாணவரால் அதன் ஓர் ஓரத்தைக்கூட வாங்க முடியாது. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் டிசைனிங் வேலை, ராத்திரி சொந்தப் படம் என்று ஓட்டுகிறவர்கள்தான் இன்றைய சோழமண்டலத்துக்காரர்கள். கிராமம் கிடைக்காவிட்டால் என்ன, வரைவதற்கு இடங்கள் இருக்கின்றன.

தாம்பரம் ஸ்டேஷனே ஒன்று. 1931-ல் இருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம். எதிர் சீட்டில் தூங்குகிறவரைவிட நல்ல மாடல் கிடைக்குமா? பல்லாவரத்துக்குள் அவர் விழித்துவிட்டால், படம் பாதியில் நிற்கும். அவ்வளவுதான்.

அந்தப் பல்லாவரத்திலேயே இறங்கலாம், அதுவும் வெள்ளிக்கிழமை என்றால் கட்டாயம் இறங்கலாம். பழைய டிரங்க் ரோட்டில் நீளும் சந்தையில் துருப்பிடித்த பூட்டு, உடைந்த ரேடியோ, செடி, புறா, சேர், கண்ணாடி போன பிரேம் என எல்லாம் தரையில் கிடக்கும். ‘ஸ்டில் லைஃப்’ வரைய இதைவிட என்ன வேண்டும்? விலை கேட்டுவிட்டு வாங்காமல் வரைந்தால் கடைக்காரர் முறைப்பார். பத்து, இருபது ரூபாய்க்கு ஏதாவது வாங்கிவிடுவது நல்லது.

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியல் ஆய்வாளர், பல்லாவரத்தில் சரளை மண்ணில் இருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை உலகுக்குக் காட்டிய கல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று பொறுமையாகத் தட்டிய யாரோ ஒருவர்தான் நமக்குத் தெரிந்து இந்த ஏரியாவின் முதல் சிற்பி.

பறவை வரைகிறவர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். பூநாரை வந்து இறங்குகிற சீசனில் காலையிலேயே போய்விட வேண்டும். ஒரு பக்கம் இளஞ்சிவப்புப் பறவைக் கூட்டம், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பை மேடு. இரண்டையும் ஒரே பேப்பரில் வரைகிறவர்தான் நேர்மையான ஓவியர்!

வீடுகளை வரைய ஆசை என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜனின் முயற்சியில் 1996-ல் திறந்த இடம், வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. இடிபட இருந்த செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்து மர வீட்டையும் தூண் தூணாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். முற்றத்தில் வெயில் விழுகிற கோணம் மணிக்கு மணி மாறும் என்பதால், ஒரே திண்ணையில் உட்கார்ந்து நாலு படம் போடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், லீவு.

சோழமண்டலமும் தட்சிணசித்ராவும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆருக்குப் போய்விட்டால், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். தண்ணீர் பாட்டில், தொப்பி, 2பி பென்சில். ரப்பர் வேண்டாம், அழிக்க ஆரம்பித்தால் வெளிச்சம் போய்விடும்.