தீ காத்திருக்காது!

தில்லி விமான நிலையத்தில் 2025 அக்டோபர் 19-ஆம் தேதி, திமாபூர் செல்வதற்காக ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், இருக்கையின் பின்புறப் பையில் இருந்த பயணி ஒருவரின் மின்னணுச் சாதனம் தீப்பிடித்தது. பணியாளர்கள் விரைந்து அணைத்ததால் எவருக்கும் காயமில்லை. அதே தீ, நடுவானில், தலைக்கு மேலுள்ள பெட்டியில் பைகளுக்கிடையே மூண்டிருந்தால்?

இது வீண் அச்சமல்ல. அதே ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தின் மேற்கூரை எரிந்துபோனது. 176 பேரும் அவசர வழிகள் மூலம் தப்பினர். மேற்பெட்டியில் இருந்த பவர் பேங்க்கே காரணமாக இருக்கலாம் என விசாரணையில் கருதப்பட்டது. பழுதடைந்த லித்தியம் மின்கலம் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறி, அடுத்த கலத்துக்கும் தீயைப் பரப்பும்; அணைந்தபின் மீண்டும் பற்றும். அது கண்ணெதிரே இருந்தால்தான் உடனே கண்டறிந்து அணைக்க முடியும்.

விமானத் தீயில் சுடரைவிடப் புகையே கொடிய எமன். 1985-இல் மான்செஸ்டரில் தரையிலேயே எரிந்த விமானத்தில் உயிரிழந்த 55 பேரில் பெரும்பாலோர் நச்சுப் புகைக்கே பலியாயினர். பாதி அவசர வழிகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடிய வேண்டும் என்று விமான வடிவமைப்புக்கு விதி வகுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த நேரத்தின் அருமையை இரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 1980 ஆகஸ்டில், தீப்பிடித்த சவூதி விமானம் ரியாத்தில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆயினும் உடனடியாக நிறுத்தப்படவில்லை. கதவுகளும் உரிய நேரத்தில் திறக்கப்படவில்லை. விமானத்தில் இருந்த 301 பேரும் மாண்டனர். மாறாக, 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடாவில், கடலோரக் காவல்படை விமானத்துடன் மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்தது. எட்டு வழிகளில் மூன்றே பயன்பட்டன. எனினும், பயிற்சி பெற்ற பணியாளர்களும், உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறிய பயணிகளும் பேரிழப்பைத் தவிர்த்தனர்.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2025 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில், பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம், மேற்பெட்டியில் வைக்கக் கூடாது என்று கூறியது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால், சுற்றறிக்கை தீயை அணைக்காது. அதை அமலாக்குவோர் வேண்டும். இயக்குநரகத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் சுட்டிக்காட்டியது. அகமதாபாத் விபத்தில் 260 உயிர்களைப் பறிகொடுத்த ஆண்டில் வெளிவந்த இந்த உண்மை, எந்த அரசையும் உறுத்த வேண்டும்.

விதி பயணிக்குப் புரியவும் வேண்டும். முதன்முறையாக விமானம் ஏறும் தொழிலாளியும் முதியவரும் இன்று ஏராளம். பாதுகாப்பு அறிவிப்போ பெரும்பாலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஒலிக்கிறது. தமிழோ, தெலுங்கோ, வங்காளமோ மட்டுமே அறிந்தவருக்கு அது வெறும் ஓசை. புகை சூழ்ந்த இருளில், ஒருவர் பெட்டியை எடுக்கத் தாமதித்தால் பின்னால் நிற்கும் பலரின் வழி அடைபடும். மொழியுரிமை இங்கே உயிர் காக்கும் உரிமையாகிறது.

காலிப் பணியிடங்களைக் காலக்கெடு வைத்து நிரப்புவதும், புறப்படும் ஊரின் மொழியிலும் சேரும் ஊரின் மொழியிலும் அறிவிப்பைக் கட்டாயமாக்குவதும் மத்திய அரசால் இயலாதவை அல்ல. விமானப் பாதுகாப்பு விதிகளில் பல, உயிர்ப்பலிக்குப் பிறகே எழுதப்பட்டவை. அடுத்த விதியையாவது உயிர்ப்பலிக்கு முன்பே எழுதட்டும் அரசு.