வாய் பேசாத பிள்ளை எங்கே போகும்?

2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவ, மாணவிகள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. செய்தி சேகரிக்கப் போனால் அக்கம்பக்கத்தார் சொல்வது ஒன்றுதான்: "ரொம்ப சாதுவான புள்ள சார், யார்கிட்டயும் பேசாது!"

அந்தப் பிள்ளையா கவுன்சலிங் அறைக் கதவைத் தட்டும்? பட்பட்டென்று பேசுகிற பையன் போவான். கூச்ச சுபாவக்காரன் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். "இவனுக்கு மறை கழண்டுடுச்சுடா"ன்னு வகுப்பே சிரிக்குமே! 'என் கஷ்டம் என்னோட' என்கிற வீம்புக்காரனும் அப்படித்தான்.

இவர்களுக்கு டெலிபோன்தான் தோது. 'டெலி மானஸ்' நம்பர் 14416. இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதை ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் ஒட்டி என்ன பிரயோஜனம்? ஹால் டிக்கெட்டில் அச்சடியுங்கள் சார்!