22 வயதில் ரிட்டயர்மென்ட், 50 வயதில் ரீ-என்ட்ரி: அமெரிக்க ‘டிரம் கோர்’ நட்பு நமக்குச் சொல்வது என்ன?

1972-ம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற சின்ன ஊர். அங்கே நடந்த இளைஞர் இசைக்குழுப் போட்டியில் ஜெயித்தது கலிஃபோர்னியாவின் ‘ஆனஹைம் கிங்ஸ்மென்’. பின்னாளில் அந்தக் குழுவே கலைந்துபோனது. ஆனால் 2007-ல் அதே போட்டியின் இறுதிச்சுற்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்கு வந்தபோது, கிங்ஸ்மென் முன்னாள் உறுப்பினர்கள் ஒன்றுகூடி மைதானத்தில் இறங்கி வாசித்தார்கள். பதின்ம வயதில் ஜெயித்தவர்கள் ஐம்பதைத் தாண்டி மறுபடி அதே அணிவகுப்பில் நின்றார்கள்!

காலேஜ் முடிந்து மூன்றே வருஷத்தில் நம்ம வாட்ஸ்அப் குரூப் ‘குட் மார்னிங்’ மெசேஜோடு படுத்துவிடுகிறது. இவர்களுக்கு மட்டும் எப்படி 35 வருஷம் தாங்கியது? அந்தப் பாசத்தில் பிரச்சினையே இல்லையா? பார்க்கலாம்.

அது என்ன டிரம் கோர்?

முழுப் பெயர் ‘டிரம் அண்ட் பியூகிள் கோர்’. டிரம்ஸ், பித்தளை ஊதுகருவிகள், கூடவே கொடி சுழற்றி ஆடும் ‘கலர் கார்டு’. புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. முதல் உலகப்போருக்குப் பிறகு, முன்னாள் ராணுவ வீரர்களின் சங்கங்கள் வளர்த்தெடுத்த மரபு இது. அப்புறம் சர்ச்சுகளும் சாரணர் குழுக்களும் பையன்களைத் திரட்டிக் குழு ஆரம்பித்தன. 1970-களில் இப்படி நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை சில டஜன்தான்.

முக்கியமான போட்டிகளை நடத்துவது ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு. ஒயிட்வாட்டரில் நடந்ததுதான் அதன் முதல் சாம்பியன்ஷிப். கோடை முழுக்க குழுக்கள் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போகின்றன. ராத்திரி பயணம், ஏதாவது ஒரு பள்ளியின் ஜிம் தரையில் தூக்கம், பகல் முழுக்க வெயிலில் பயிற்சி. இத்தனையும் சுமார் 12 நிமிட ஷோவுக்காக. சம்பளமும் கிடையாது. உறுப்பினர்தான் பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்ட வேண்டும்.

ஒட்டிக்கொள்வது எப்படி?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, உடம்பு. வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தபோது, டெக்சாஸில் மணிக்கணக்கில் ‘லெஃப்ட், ரைட்’ போட்டார். எந்த உபயோகமும் இல்லாத வேலை; ஆனாலும் விவரிக்க முடியாத ஓர் உற்சாகம் வந்தது. அந்த அனுபவத்தை வைத்து 1995-ல் ஒரு புத்தகமே எழுதினார். பலர் ஒரே தாளத்தில் உடம்பை அசைக்கும்போது ‘நான்’ கரைந்து ‘நாம்’ உருவாகிறது என்பது அவர் வாதம். டிரம் கோரில் தினமும் நடப்பது இதுதான்.

இரண்டாவது, பகிர்ந்துகொண்ட கஷ்டம். ஒரே வெயில், ஒரே கொப்புளம், ஒரே தரை. சொகுசாகப் போய்வந்த டூரைவிட, பஸ் பழுதாகி நடுரோட்டில் நின்ற டூரைத்தானே நாமும் அதிகம் பேசுகிறோம்?

மூன்றாவதுதான் முக்கியம்: கெடு. 22 வயதை ஒட்டி எல்லோரும் வெளியேறியே ஆக வேண்டும். இதை ‘ஏஜ் அவுட்’ என்கிறார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் சலுகை கிடையாது. கடைசி ஷோ எந்த நாள் என்பது முன்கூட்டியே தெரியும். முடிவு தெரிந்த உறவுக்கு மதிப்பு கூடிவிடுகிறது. அதனால்தான் முன்னாள் உறுப்பினர்கள் ‘அலும்னை கோர்’ அமைக்கிறார்கள். மாசசூசெட்ஸின் ‘27-வது லான்சர்ஸ்’ 1986-ல் மூடப்பட்டது. 1994-ல் பழைய ஆட்கள் கூடி மறுபடி வாசித்தார்கள். 2017-ல் ‘சான்டா கிளாரா வேன்கார்டு’ தன் 50-வது ஆண்டை அலும்னை கோரோடு கொண்டாடியது.

பாசம் எங்கே சறுக்குகிறது?

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லே ஒரு நோயின் பெயராகப் பிறந்ததுதான். 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டு ஏக்கத்தால் வாடும் நோய்க்கு இந்தப் பெயரை வைத்தார். இன்று நாம் அதை நோயாகப் பார்ப்பதில்லை. ஆனால் பக்கவிளைவு உண்டு.

சின்ன உதாரணம்: கருவிகள். பழைய ஜி-ஸ்வர பியூகிளுக்குப் பதில் வேறு ஸ்வரக் கருவிகளையும் 2000-ல் அனுமதித்தார்கள். 2004-ல் மைக் வந்தது, 2009-ல் சின்தசைசர். ஒவ்வொரு முறையும் “எங்க காலத்துல...” என்று ஒரு கூட்டம் கொதித்தது. இது பரவாயில்லை, ரசனைச் சண்டை. ‘மேடிசன் ஸ்கவுட்ஸ்’ விஷயம் அதைவிடப் பெரிசு. 1938-ல் தொடங்கிய, ஆண்கள் மட்டுமே இருந்த அந்தக் குழு, எல்லாப் பாலினத்தவரையும் சேர்ப்போம் என்று 2019-ல் அறிவித்தது. “நம்ம அண்ணன் தம்பி பாசம் என்னாவது?” என்ற கோபம் முன்னாள்களிடமிருந்தே வந்தது.

அதைவிடக் கனமானது ‘கேடட்ஸ்’ கதை. 1934-ல் நியூஜெர்சியில் பிறந்து, 10 முறை சாம்பியன் பட்டம் வென்ற குழு. 2018-ல் பல பெண்கள் அதன் இயக்குநர் மீது பாலியல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார், ஆனால் பதவி விலகினார். 1980-களில் ஓர் உறுப்பினருக்கு நடந்ததாகச் சொல்லப்படும் வன்முறை தொடர்பாக வழக்கும் வந்தது. அதனால் வந்த நிதி நெருக்கடியில், 2024 ஜனவரியில் அந்தக் குழு மூடப்பட்டது.

பேசியவர்கள் குழுவின் எதிரிகளா?

கிடையாது. என் பார்வையில், குழுவுக்கு உண்மையாக இருந்தவர்களே அவர்கள்தான். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்ற வார்த்தை பல நேரம் பாதுகாப்பு தருகிறது. சில நேரம் அதே வார்த்தை வாயை அடைக்கிறது. 40 வருஷ நட்பு என்று பெருமைப்படும் கூட்டத்தில், “எனக்கு அங்கே இப்படி நடந்தது” என்று ஒருவர் சொன்னால் அவரை நம்ப எத்தனை பேர் தயார்? நட்பின் அளவுகோல் ரீயூனியன் போட்டோவில் இல்லை, இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி காசு. பணப் பிரச்சினையால் சான்டா கிளாரா வேன்கார்டு 2023 சீசனில் போட்டியிடவே இல்லை, 2024-ல்தான் திரும்பியது. பெரிய பெயர்களுக்கே இந்த நிலைமை என்றால், கட்டணம் கட்ட முடியாத ஒரு 17 வயதுப் பிள்ளை எங்கே போகும்? தன் பழைய யூனிஃபார்மைத் தேடி எடுக்கும் முன்னாள் உறுப்பினர், அந்தப் பிள்ளையின் ஒரு கோடைக்கான செலவில் ஒரு பங்கையும் ஏற்றால், நாஸ்டால்ஜியாவுக்கு அர்த்தம் கிடைக்கும். “எங்க காலம் மாதிரி வராது” என்பதோடு நின்றுவிட்டால், அடுத்த 30 வருஷத்தில் ரீயூனியன் நடத்தவே ஆள் இருக்காது.

பழைய நட்பைக் கொண்டாடுங்கள், தப்பே இல்லை. நம் ஸ்கூல், காலேஜ் குரூப்களுக்கும் இது பொருந்தும். அடுத்த கெட்-டுகெதருக்கு டி-ஷர்ட் டிசைன் முடிவு பண்ணும் முன், ரெண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள்: இந்தக் குரூப்பில் வராமலே இருப்பவர் யார், ஏன் வரவில்லை? நாம் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நம்மால் என்ன உபயோகம்?