ஒத்து ஊதியவரின் கொள்ளுப்பேத்தி

ஒருத்தரைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் தமிழில் நாம் நேராகக் கச்சேரி மேடைக்குத்தான் போகிறோம். தலைவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவன் ‘ஜால்ரா’. முதலாளி பேச்சை அப்படியே திருப்பிச் சொல்கிறவன் ‘ஒத்து ஊதுகிறான்’. இன்னொருத்தன் ‘பின்பாட்டு பாடுகிறான்’, வேறொருத்தன் ‘தாளம் போடுகிறான்’. கையில் பைசா இல்லாமல் அலைகிறவன்கூட ‘சிங்கி அடிக்கிறான்’. சிங்கியும் தாளக் கருவிதான். இத்தனை வசையும் மேடையின் ஓரத்தில் இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்வான், மேதை, சக்கரவர்த்தி என்று வேறு அகராதி.

‘ஒத்து ஊதாதே’ என்று யாராவது யாரையாவது திட்டுவதை இணையத்தில் தினமும் பார்க்கிறேன். இலக்கியச் சண்டைகளில் கொஞ்சம் அதிகமாகவே. திட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு ஒத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். என் பூட்டனார் ஒத்து ஊதினார். அதுதான் அவர் தொழில். சரியாகச் சொன்னால் தொழிலில் பாதி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

ஒத்து பார்ப்பதற்கு நாகஸ்வரம் மாதிரியே இருக்கும். (நாகஸ்வரமா நாதஸ்வரமா என்ற பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் அது நாயனம்.) அதே நீள மர உடல், கீழே அணைசு, மேலே சீவாளி. ஆனால் விரல் வைக்கிற துளைகள் கிடையாது. அடிப்பக்கம் மட்டும் சில சிறு துளைகள் இருக்கும். மெழுகால் அவற்றை அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். சேர்த்தாகிவிட்டால் அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம்தான், ஆதார ஷட்ஜம். நாயனக்காரர் ஒரு பிடி பிடித்துவிட்டு மூச்சு வாங்கலாம். தவிலுக்குத் தனி விட்டுவிட்டு வெற்றிலை போடலாம். ஒத்துக்காரர் நிறுத்த முடியாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வாய்வழியாக வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுக்க வேண்டும். சாமி புறப்பாடு என்றால் இதை நடந்துகொண்டே செய்யணும், நாலு வீதியும், ராத்திரி முழுக்க. மல்லாரி முடிந்து ராகம் மாறும், கீர்த்தனை மாறும், கூட்டம் மாறும். இவர் மட்டும் அதே ஸ்வரத்தில் நிற்பார். அவர் நிற்பதால்தான் மற்றவர் அலைய முடிகிறது.

‘ஒத்து’ என்ற சொல்லின் வேர் ‘ஒத்தல்’. ‘இசை’ என்ற சொல்லுக்கும் இசைந்து போவது என்று ஒரு பொருள் உண்டு. மொழி அதையும் இதையும் பக்கத்தில் வைத்திருக்கிறது. நாம் ஒன்றைக் கலையாக்கினோம், இன்னொன்றைத் திட்டாக்கினோம்.

நாயனம் எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை அங்கேதான் தொடங்கியது. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் ஆபேரியில் மோதுமே, அதைக் கல்லூரி விடுதியில் ஒரு தோழி போட்டுக்காட்டினாள். ஒரு வாரம் வேறு எதையும் கேட்கவில்லை. பிறகு காருகுறிச்சியின் கச்சேரிப் பதிவுகள். அங்கிருந்து அவருடைய குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் கொஞ்சம் மிகையாகத்தான் எழுதுவார்கள், நான் எழுதவில்லை. ராஜரத்தினத்தை இசைக்காக மட்டும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பண்ணையார் வீட்டு வாசலில் நின்று ஊதிய ஒரு வாத்தியத்தை, கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் அவர். 1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் ஒலித்த நாகஸ்வரமும் அவருடையது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. டிசம்பர் சீசனில் நாகஸ்வரத்துக்கு ‘மங்கல இசை’ என்று ஒரு பேர் வைத்து, நாற்காலிகள் நிரம்புவதற்கு முன்னால் முடித்துவிடுகிற வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது. மரியாதை மாதிரியே தெரிகிற அவமரியாதை.

காருகுறிச்சி எங்கள் அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். என் நாயனப் பைத்தியம் தெரிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெருமை. “இருக்காதா பின்னே? உன் கொள்ளுத்தாத்தா பெரிய நாதஸ்வர வித்வான்ல” என்றார் மாமா. ஒரு புகைப்படமும் இருந்தது. நாலு ஆண்கள், இரண்டு தவில், இரண்டு நீளக் குழல். இடது ஓரத்தில் கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறவர் பூட்டனார்.

மாமா புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கறை நீக்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அடியில் பித்தளைத் தகட்டில் ‘நாதஸ்வர வித்வான்’ என்று பொறித்திருந்தது. என் தாத்தாவின் தங்கை, சின்ன ஆச்சிக்கு 78 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது எங்கய்யாதான். ஆனா இது என்னட்டி, ஓட்ட போட்டு வச்சிருக்கானுவ? எங்கய்யா ஒத்துல்லா புடிச்சாவ. ஒத்துல ஏதுட்டி ஓட்ட?”

எண்ணிப் பார்த்தேன். ஏழு துளை. பழைய பிரதியில் ஒன்றுகூட இல்லை. நாகஸ்வரத்துக்கு ஏழு விரல் துளை என்று இணையத்தில் தேடி, கணக்காக ஏழு வரைந்திருக்கிறார்கள். வரையச் சொன்னது மாமாதான்.

அன்றைக்கு ராத்திரி ஆச்சி பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் மீதிக் கதை வந்தது. பூட்டனார் காலையில் அடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக முடி வெட்டவும் சவரம் செய்யவும் போவார். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் அதற்கு நெல் அளப்பார்கள். கல்யாணம், கோயில் கொடை என்று மேளத்துக்கு ஆள் வந்தால் ஒத்து பிடிக்கப் போவார். வருகிற பணத்தைப் பங்கு பிரிக்கையில் நாயனத்துக்கு ஒரு பங்கு என்றால் அவருக்குக் கால் பங்கு. ஆச்சியின் அம்மா ஊரில் பிரசவம் பார்ப்பாள். ஆக நாங்கள் மருத்துவர் சமூகம். நெல்லையில் ஊர் நாவிதரைக் ‘குடிமகன்’ என்பார்கள். அந்தச் சொல்லை இப்போது யாருக்கு வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மேளம் என்றாலே இசை வேளாளர் என்று ஆகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாகஸ்வரமும் தவிலும் மருத்துவர் சமூகத்தாரின் கையில் இருந்தன, இருக்கின்றன. இசையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு வாசகம் வரும்: “இசைக்கு ஏதுங்க சாதி?” நல்ல வாசகம். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதைச் சொல்கிறவர்களில் யாரும் அந்தக் கால் பங்கை வாங்கியவர்களின் வீட்டுப் பிள்ளை இல்லை என்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன். இசைக்கு சாதி இல்லாமல் இருக்கலாம். மேளத்துக்கு ஆள் கூப்பிட வந்தவருக்கு எந்தத் தெருவுக்குப் போகணும் என்று தெரிந்திருந்தது. எந்தப் பந்தியில் சோறு, எந்த வாசல் வரைக்கும் வரலாம் என்பதும் தெரிந்திருந்தது. அதே கை காலையில் கத்தி பிடித்தது என்பதால்தான் மாமாவுக்கு வித்வான் தேவைப்படுகிறார். அவருடைய பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். ஹாலுக்குள் வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவரில் அந்தப் படம் இருக்கிறது. வித்வான் என்றால் கலைக் குடும்பம். ஒத்துக்காரர் என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியில் அடைப்பம் வந்துவிடும்.

மாமா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவரைவிடவும் அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்த பழக்கத்தின் மேல் அதிகம். குடும்ப வரலாறு தேடுகிறோம் என்று கிளம்புகிற எல்லாரும் ஒரு மேதையைத்தான் தேடுகிறார்கள். ஒரு ஜமீன், ஒரு புலவர், ஒரு வித்வான், குறைந்தபட்சம் சிறைக்குப் போன தியாகி. முடி வெட்டியவரைத் தேடி யாரும் ஊருக்குப் போவதில்லை. இசை ரசிகர்களும் இதையேதான் செய்கிறோம். காருகுறிச்சியின் பதிவுக்கு அடியில் ‘லெஜண்ட்’ என்று நானூறு பேர் எழுதியிருப்பார்கள். பக்கத்தில் தவில் யார் என்று கேட்கிற ஒரு ஆள் இருந்தால் அவர் பெரிய ரசிகர். ஒத்து யார், தாளம் யார் என்று கேட்டு இதுவரை நான் பார்த்ததில்லை. நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடி எழுதிய பி.எம். சுந்தரத்துக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் புத்தகத்தின் பெயர் ‘மங்கல இசை மன்னர்கள்’. மன்னர்கள்! வரலாறு எழுதணும் என்றால் நமக்கு ஒரு மன்னராவது வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். “ஒத்து அழிந்துவிட்டதே, மின்னணுப் பெட்டி வந்து மண்ணின் கலையைக் கொன்றுவிட்டதே” என்று. இந்தப் புலம்பலிலும் நான் சேரமாட்டேன். சுருதிப் பெட்டிக்குப் பசிக்காது, பங்கு கேட்காது, மூச்சு வாங்காது. கல்யாண வீட்டுக்காரர் ஐந்து பேருக்குப் பதில் நாலு பேருக்குப் பணம் கொடுத்தால் போதும். ஒத்து போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தாத்தா. அவர் ஊத மாட்டேன் என்றார்.

1953-இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரும் திராவிடக் கட்சிகளும் எதிர்த்து, 1954-இல் காமராஜர் வந்து கைவிட்ட அதே திட்டம். அப்போது தாத்தாவுக்கு 9 வயது. அது நிலைத்திருந்தால் மத்தியானத்துக்கு மேல் அவர் கையில் ஒரு கத்தியோ ஒரு ஒத்தோ இருந்திருக்கும். தாத்தா எட்டாவது வரைக்கும் படித்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். ரேடியோவில் நாயனம் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாராம், மார்கழி மாதத்தில்கூட. அம்மா இதைச் சொல்லும்போது ‘ரசனை இல்லாத மனுஷன்’ என்று சேர்த்துக்கொள்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அணைத்தது தோடியை இல்லை என்றுதான் படுகிறது.

எனக்கு நாயனம் இவ்வளவு பிடிப்பதற்கு, அதை நான் ஊத வேண்டிய கட்டாயம் இல்லாததும் ஒரு காரணம். (பெண் என்பதால் எப்படியும் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.) ஹெட்போனில் கேட்டுவிட்டுக் கண் கலங்க எனக்கு வசதி இருக்கிறது. அந்த வசதி தாத்தா ரேடியோவை அணைத்ததிலிருந்து வந்தது. ‘பாரம்பரியம் அறுந்துபோச்சே’ என்று மேடையில் உருகுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: உங்கள் பையனைக் கால் பங்குக்கு அனுப்புவீர்களா? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மரத்துக்கும் ஊருக்கும் கிடைக்கிற மரியாதை ஊதுகிறவரின் கூலிக்கும் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.

அப்புறம் என் கட்சிக்காரர்கள், என் வயதுக்காரர்கள். இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு நண்பர் துள்ளினார். “செம! பூட்டனைக் கொண்டாடணும். அவர்தான் உண்மையான மேதை. அந்த ஒற்றை ஸ்வரம்தான் ஆகப்பெரிய இசை. இதை நீ நாவலா எழுது” என்றார். வேண்டாம் சாமி. மாமா போட்ட ஏழு ஓட்டைக்குப் பதிலாக நீங்கள் எட்டாவதாக ஒன்று போடுகிறீர்கள். என் பூட்டனார் மேதை என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது. சில நாள் சுருதி விலகித் திட்டு வாங்கியிருக்கிறார் என்று ஆச்சியே சொல்கிறாள். பல்லெல்லாம் ஆடிப்போன பிறகும் ஊதினார், வேறு வழி இல்லாததால். வெற்றிலை அதிகம் போடுவார். அவர் செய்தது வேலை. அந்த வேலை இல்லாமல் ராகம் நிற்காது, அதற்குரிய கூலியும் பேரும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதற்கு அவரை மேதையாக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மேதையாக இருந்தால்தான் மதிப்பேன் என்கிறவர்கள் மாமாவோடு அந்த ஹாலில் உட்கார்ந்துகொள்ளலாம்.

மாமாவிடம் இதையெல்லாம் பேசிப் பார்த்தேன். “ஒனக்கென்ன, மெட்ராஸ்ல உக்காந்து எழுதிட்டுப் போயிருவ. இங்க இருந்து பொண்ணக் குடுக்கப்போறது நான்” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் சாதியை யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவர் பெண்ணும் அவருமே முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். தகட்டைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்த ஓட்டைகள் போகணும் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக மாமா என்னோடு பேசவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் பழைய படத்தின் ஸ்கேன் இருந்தது. வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். இரண்டு பிரதி அச்சுப் போட்டேன். ஒன்று என் மேஜைக்கு. இன்னொன்றைப் பஸ்ஸில் ஆச்சிக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியதும் போன் பண்ணினாள். மற்ற மூன்று பேரும் யார் யார், அவர்களுக்கு எந்த ஊர், தவில்காரரின் பேரன் இப்போது எங்கே சலூன் வைத்திருக்கிறான் என்று முக்கால் மணி நேரம் சொன்னாள். எழுதி வைத்திருக்கிறேன்.